இழையும் பிசினும் – 11: அடுக்குகளுக்கு நடுவே

1971 பிப்ரவரி 4ஆம் தேதி ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனம் திவாலான செய்தியோடு சென்ற அத்தியாயம் முடிந்தது. ஹைஃபில் என்று பெயரிட்டு ஆர்பி-211 எஞ்சினுக்காக அவர்கள் உருவாக்கிய கார்பன் இழை விசிறி, முந்தைய ஆண்டு மே மாதம் பறவை மோதல் சோதனையில் சிதறிப்போயிருந்தது. அந்த இடத்துக்கு டைட்டானியம் வந்தது, எஞ்சின் பிழைத்தது. ஆனால் அந்தச் சோதனை எழுப்பிய கேள்வி மட்டும் அப்படியே நின்றது. இழைத் திசையில் இழுத்தால் எஃகையே வெல்லும் ஒரு பொருள், பக்கவாட்டில் ஓர் அடி விழுந்ததும் ஏன் இப்படி ஆகிறது?

இதற்கான விடையை இழை செய்தவர்களிடம் தேடியதுதான் எழுபதுகளின் பெரிய தாமதம் என்பது என் கருத்து. இழையின் வலிமை ஆண்டுக்கு ஆண்டு ஏறியது. அடி தாங்கும் திறன் ஏறவில்லை. கோளாறு இழையில் இல்லை, இரண்டு அடுக்குகளுக்கு நடுவே இருந்த, தலைமுடியைவிட மெல்லிய ஓர் இடைவெளியில் இருந்தது.

அதை எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி காட்டிய சோதனைகள், அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் ஹாம்ப்டன் ஊரிலுள்ள நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் நடந்தவை. 1970களின் பிற்பகுதியில் ஜேம்ஸ் ஸ்டார்ன்ஸ், மார்வின் ரோட்ஸ், ஜெரி வில்லியம்ஸ் ஆகிய மூவரும் கார்பன் இழைத் தகடுகளை அழுத்த எந்திரத்தில் நிறுத்தி, விமான இறக்கை பறக்கும்போது தாங்குவது போன்ற அமுக்கத்தை அவற்றின்மேல் ஏற்றினார்கள். பிறகு அரை அங்குல விட்டமுள்ள அலுமினியக் குண்டைக் காற்றுத் துப்பாக்கியில் வைத்து, வினாடிக்கு 100 மீட்டர் வரையிலான வேகத்தில் தகட்டின்மேல் சுட்டார்கள். ஓடுபாதையில் சக்கரம் தெறிக்கவிடும் கல்லுக்கு அந்தக் குண்டு பதிலி. சில தகடுகள் குண்டு பட்ட கணத்திலேயே முறிந்தன. அவை அப்போது தாங்கிக்கொண்டிருந்த சுமை, அடிபடாத தகடு எளிதாகச் சுமக்கக்கூடிய சுமைதான். வேறு சில தகடுகள் முறியவில்லை. கண்ணுக்கு அவை நன்றாகவே தெரிந்தன. ஆனால் அவற்றைப் பிறகு அமுக்கிப் பார்த்தபோது வலிமையில் பாதிக்கு மேல் போயிருந்தது.

பொறியாளர்களைக் கலங்கவைத்தது இந்தக் கடைசி விஷயம். அலுமினியத் தகடு அடி வாங்கினால் குழி விழும். காலையில் விமானத்தைச் சுற்றிவரும் ஊழியரின் கண்ணில் அது பட்டுவிடும். கார்பன் இழைத் தகடு அடியை உள்ளே வாங்கிக்கொண்டு மேற்பரப்பில் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். பராமரிப்பு வேலையில் ஒருவர் கைதவறி விடும் ஸ்பேனர் போதும், உள்ளே உள்ளங்கை அளவுக்கு அடுக்குகள் பிரிந்துவிட. கண்ணுக்கு எட்டியும் எட்டாத இந்தச் சேதத்தை எந்த விமானமும் தன் ஆயுள் முழுவதும் சுமந்துகொண்டு பறக்க வேண்டும் என்று வைத்துத்தான் வடிவமைக்க வேண்டியிருந்தது.

உள்ளே என்ன நடக்கிறது? தகடு என்பது பிசின் ஊறிய இழை நாடாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக, ஒவ்வொன்றையும் வெவ்வேறு கோணத்தில் அடுக்கி, ஆட்டோகிளேவ் எனப்படும் அழுத்த உலையில் 177 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி இறுக வைத்தது. நாடாவுக்குள் இழைகள் சுமையைத் தாங்குகின்றன. நாடாவுக்கும் நாடாவுக்கும் நடுவில் குறுக்கே ஓர் இழைகூட இல்லை. பிசின் மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கிறது. அடி விழும்போது தகடு வளைகிறது. ஒரு கட்டுக் காகிதத்தை வளைத்தால் தாள்கள் ஒன்றின்மீது ஒன்று வழுக்குவதைப் போல, அடுக்குகளும் வழுக்கப் பார்க்கின்றன. கோணம் வேறாக இருப்பதால் ஒவ்வொன்றும் வளைய விரும்பும் விதமும் வேறு. முதலில் ஓர் அடுக்குக்குள் இழைகளுக்கு இணையாகச் சாய்வான விரிசல் ஒன்று பிறக்கிறது. அடுத்த அடுக்கின் எல்லையைத் தொட்டதும் இழைகளை அறுத்துப் போக முடியாமல் அது திரும்பி, இரண்டு அடுக்குகளுக்கு நடுவே படர்கிறது. ஒவ்வோர் எல்லையிலும் நிலக்கடலை வடிவில் ஒரு பிரிவு உண்டாகிறது. அடிபட்ட பக்கத்திலிருந்து பின்பக்கம் போகப் போகப் பெரிதாகிறது. பிறகு அமுக்கச் சுமை வரும்போது, பிரிந்து மெலிந்த அடுக்குகள் தனித்தனியே புடைத்து நெளிகின்றன. இழைகள் எல்லாம் முழுதாக இருக்கும்போதே தகடு தோற்றுப்போகிறது.

தகட்டின் ஓரத்தில் அடுக்குகளைப் பிரிக்கும் விசைகள் தாமாகவே எழுகின்றன என்பதைப் பைரன் பைப்ஸ், நிக்கலஸ் பகானோ இருவரும் 1970இலேயே கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார்கள். அடுக்குகளை எந்த வரிசையில் வைக்கிறோம் என்பதை மாற்றினாலே வலிமை மாறும் என்றும் அவர்கள் சொன்னார்கள். அதை அப்போது ஓர் அழகான கணிதமாகத்தான் பலர் பார்த்தார்கள். லாங்லியில் குண்டு சுட்ட பிறகு அது தொழிற்சாலைப் பிரச்சினையானது.

இதற்கிடையில் 1973 எண்ணெய் நெருக்கடி அமெரிக்காவை உலுக்கியிருந்தது. எரிபொருளை மிச்சப்படுத்தும் விமானங்களுக்காக நாசா தொடங்கிய ஏசிஈஈ திட்டத்தின்கீழ் போயிங் நிறுவனம் 737 விமானத்துக்குக் கார்பன் இழைக் கிடைவால்களைச் செய்தது. ஐந்து விமானங்களுக்கு மொத்தம் பத்து. 1982இல் சான்றிதழ் கிடைத்தது, 1984இல் பயணிகள் சேவைக்கு வந்தன. உலோக வாலைவிட எடை ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைந்தது. அவை நன்றாகவே உழைத்தன. பின்னாளில் கழற்றிப் பிரித்துப் பார்த்தவர்களும் அதையே உறுதி செய்தார்கள். ஆனால் அந்த வெற்றிக்குக் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். அடிபட்ட தகடு எங்கே முறியுமோ அதற்கும் கீழே சுமையை நிறுத்தி வடிவமைத்தார்கள். இழை ஒரு சதவீதத்துக்கு மேல் நீளக்கூடியது. வடிவமைப்பாளர்கள் அதற்கு 0.4 சதவீதம் அளவுக்குக்கூடத் தயங்கித்தான் இடம் கொடுத்தார்கள். விலை கொடுத்து வாங்கிய இழையின் வலிமையில் பெரும்பகுதி பயன்படாமல் கிடந்தது. வாலுக்கு அது போதும். இறக்கைக்குப் போதாது.

அந்த 737 வாலின் பொருள் டி-300 இழையும் 5208 என்ற எண் கொண்ட எபாக்சிப் பிசினும் சேர்ந்தது. வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்குவதற்காக மூலக்கூறுகளை நெருக்கமாகப் பின்னி இறுக்கிய பிசின் அது. அந்த இறுக்கமே அதை நொறுங்கவும் வைத்தது. அதில் ஒரு விரிசலை ஒரு சதுர மீட்டர் பரப்புக்குத் திறந்துவிட 100 ஜூலுக்குக் குறைவான ஆற்றலே போதும்.

பிசினை இளக வைத்தால் சரியாகிவிடும் என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றிய வழி. எம்ஐடியில் ஃபிரெட் மெக்கேரி, எபாக்சியில் திரவ ரப்பரைக் கலந்து இறுக வைத்தால் அது நுண்ணிய உருண்டைகளாகப் பிரிந்து நின்று விரிசலைத் தடுக்கிறது என்று ஏற்கெனவே காட்டியிருந்தார். அந்த முறையால் தனிப் பிசினின் தாங்குதிறன் பத்து மடங்குக்கு மேல் போனது. அதைக் கார்பன் இழையில் ஊட்டினார்கள். இரண்டு ஏமாற்றங்கள் காத்திருந்தன.

முதலாவது, ரப்பர் பிசினின் விறைப்பைக் குறைத்தது. வெயிலில் சூடாகி, ஈரத்தையும் உறிஞ்சிய தகட்டில் பிசின் தளர்ந்தால், இழைகளுக்குப் பக்கத்தில் ஆதரவு இல்லாமல் போய் அவை அமுக்கத்தில் நெளிந்துவிடும். அடி தாங்குவதற்காக அமுக்க வலிமையை இழப்பது எந்த விமானப் பொறியாளருக்கும் சம்மதமில்லை.

இரண்டாவது ஏமாற்றம்தான் இந்த வரலாற்றின் மையம். பிசினில் ஏற்றிய தாங்குதிறன் தகட்டுக்கு வந்து சேரவில்லை. அமெரிக்கத் தேசியத் தரநிலைப் பணியகத்தில் இருந்த டொனால்ட் ஹன்ஸ்டன் 1984இல் பல பிசின்களின் அளவுகளையும் அவற்றால் செய்த தகடுகளின் அளவுகளையும் ஒரே வரைபடத்தில் வைத்தார். கோடு நேராகப் போகவில்லை, ஓரிடத்தில் மடங்கியது. நொறுங்கும் பிசின்களில், பிசின் ஏறினால் தகடும் ஏறியது. சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 ஜூலைத் தாண்டியதும், பிசினில் மூன்று பங்கு ஏற்றினால் தகட்டில் ஒரு பங்குதான் வந்தது.

ஏன்? இளகும் பிசினில் விரிசலின் முனைக்கு முன்னால் ஒரு சிறு பகுதி நெகிழ்ந்து உருமாறுகிறது. விரிசலின் ஆற்றலை விழுங்குவது அந்தப் பகுதிதான். அது வளர இடம் வேண்டும். தகட்டின் கனஅளவில் அறுபது சதவீதம் இழை. ஒவ்வோர் இழையும் 7 மைக்ரான், அவற்றுக்கு நடுவே சில மைக்ரான் பிசின், அவ்வளவே. நெகிழ வேண்டிய பகுதி இருபுறமும் விறைத்த இழைகளால் நெருக்கப்பட்டு வளராமல் நின்றுவிடுகிறது. எவ்வளவு நல்ல பிசினாக இருந்தாலும் அதைக் காட்ட அங்கே இடமில்லை.

இந்த உண்மை முற்றிலும் புதியதல்ல. ஒட்டுப் பசையோடு வேலை செய்தவர்களுக்கு அது பத்து ஆண்டுகளாகத் தெரிந்திருந்தது. அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் வில்லார்ட் பாஸ்கமும் அவரோடு இருந்தவர்களும் 1975இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே ரப்பர் கலந்த எபாக்சிப் பசையின் பருமனை மாற்றி மாற்றி முறித்துப் பார்த்திருந்தார்கள். பசை மிக மெல்லியதாக இருந்தால் தாங்குதிறன் குறைவு. பருமன் கூடக் கூட ஏறி, விரிசல் முனையின் நெகிழ்பகுதி அளவுக்குப் பருமன் வந்ததும் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கியது. பாஸ்கமே பின்னாளில் ஹன்ஸ்டனோடு சேர்ந்து கார்பன் இழைத் தகடுகளையும் ஆராய்ந்தார் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. ஒரு துறையில் கிடைத்த அறிவு இன்னொரு துறைக்கு இப்படி ஆள் மூலமாகத்தான் போகிறது.

ஆகவே அடுக்குகளுக்கு நடுவே விரிக்கும் முதல் இடைப்படலம் ஒரு பசை நிறுவனத்திலிருந்து வந்ததில் வியப்பில்லை. மேரிலாந்தின் ஹாவர் டி கிரேஸ் ஊரில் ஆலை வைத்திருந்த அமெரிக்கன் சயனமிட் நிறுவனம், விமான உலோகப் பாகங்களை ஒட்டும் எஃப்எம் வரிசைப் பசைப் படலங்களைச் செய்தது. அங்கிருந்த ரேமண்ட் க்ரீகர், பசைக் கோடு வெட்டு விசையில் எவ்வளவு வழுக்குகிறது என்பதை அளக்கக் கருவி ஒன்றையே உருவாக்கியவர். கேஜிஆர்-1 என்று அது அழைக்கப்பட்டது. இரண்டு விறைத்த பொருள்களுக்கு நடுவே ஒரு மெல்லிய படலம் எப்படி வழுக்கிக்கொடுத்துச் சுமையைப் பரப்புகிறது என்பது அவர்களுக்கு அன்றாட வேலை. கார்பன் இழை அடுக்கையும் அவர்கள் அந்தக் கண்ணோடு பார்த்தார்கள். இழைகளுக்குள் இறுக்கமான, விறைத்த பிசினே இருக்கட்டும். அமுக்கத்துக்கு அது வேண்டும். அடுக்கின் எல்லையில் மட்டும், ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில், இளகும் படலம் ஒன்றை விரிப்போம். இதுதான் அவர்கள் யோசனை. 1985இலும் 1986இலும் அந்த நிறுவனத்துக்கு இதற்கான அமெரிக்கக் காப்புரிமைகள் கிடைத்தன. இடைப்படலம் ஏற்கெனவே ஒட்டிய நாடாவாகவே அது விற்பனைக்கும் வந்தது.

பலன் உடனே தெரிந்தது. அடிபட்ட இடத்தில் பிரிவின் பரப்பு வெகுவாகச் சுருங்கியது. அடித்த பின் அமுக்கும் சோதனையில் தகடு தாங்கிய சுமை உயர்ந்தது. அடியின்போது அடுக்குகளைப் பிரிப்பது பெரும்பாலும் திறக்கும் விசையல்ல, வழுக்கும் விசை. வழுக்கலைத் தாங்குவதில்தான் படலம் தன் முழுத் திறமையையும் காட்டியது.

ஆனால் படலத்துக்கு எடை உண்டு. 0.13 மில்லிமீட்டர் பருமனுள்ள ஒவ்வோர் அடுக்குக்கும் 0.025 மில்லிமீட்டர் படலம் சேர்த்தால், தகட்டின் எடை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு கூடும் என்று கணக்கு சொல்கிறது. உலோகத்தை விட்டதால் கிடைத்த மிச்சத்தில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். இன்னொரு தொல்லை உலையில் காத்திருந்தது. சூட்டில் எல்லாப் பிசினும் தண்ணீராக இளகும்போது, படலமும் இளகி இழைகளுக்குள் வடிந்துவிட்டால் எல்லையில் ஒன்றுமே மிஞ்சாது. வடியாமல் நிற்க வேண்டும் என்று முன்னதாகவே இறுகிய படலத்தையோ தெர்மோபிளாஸ்டிக் படலத்தையோ வைத்தால், அதற்கும் பக்கத்துப் பிசினுக்கும் பிடிப்பு குறைந்து விரிசல் அந்த ஒட்டின் வழியே ஓடிவிடும். அதே காலத்தில் ஐசிஐ நிறுவனம், எபாக்சியையே விட்டுவிட்டுப் பீக் என்னும் தெர்மோபிளாஸ்டிக்கில் இழையை ஊறவைத்து, மிகச் சிறந்த தாங்குதிறனைக் கொடுத்தது. ஆனால் அதை 380 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் செய்ய வேண்டும். விமான ஆலைகளின் உலைகளும் அச்சுகளும் அதற்காகக் கட்டப்பட்டவை அல்ல.

தீர்வு ஜப்பானிலிருந்து வந்தது. டோரே நிறுவனத்தின் நொபுயுகி ஒடாகிரி, ஹஜிமே கிஷி முதலானோர் படலத்தை விரிக்காமலே படலம் உண்டாகும்படி செய்தார்கள். இழை நாடாவில் முதலில் வழக்கமான பிசினை ஊட்டினார்கள். பிறகு பாலிஅமைடு நுண்துகள்கள் கலந்த பிசினை அதன்மேல் அழுத்தினார்கள். துகளின் அளவு இழைகளுக்கு இடையிலுள்ள சந்தைவிடப் பெரியது. ஆகவே அது உள்ளே போக முடியாது. இழைப் படுகையே சல்லடையாக நின்று துகளை மேற்பரப்பில் நிறுத்திவிடும். நாடாக்களை அடுக்கி உலையில் வைத்தால், பிசின் எவ்வளவு இளகினாலும், எவ்வளவு அழுத்தம் விழுந்தாலும், துகள்கள் அடுக்குகளுக்கு நடுவே முட்டுக் கொடுத்து நிற்கும். ஏறத்தாழ 30 மைக்ரான் பருமனில் ஒரு சீரான இடையடுக்கு தானாகவே அமையும். துகள்களைச் சுற்றி எபாக்சி இருப்பதால் பிடிப்பும் போகாது. விரிசல் வந்தால் துகள்களை நெகிழ்த்தி, வளைந்து வளைந்துதான் போக வேண்டும். கூடுதல் பிசினையும் பெரிதாகச் சேர்க்கவில்லை. இருப்பதை இழைகளுக்குள்ளும் எல்லையிலும் பங்கிட்ட விதம்தான் மாறியது.

இந்தத் தொடரில் நாம் பார்த்த எத்தனையோ கண்டுபிடிப்புகளில் இதை மிக உயர்ந்த இடத்தில் வைப்பேன். சயனமிட் கண்டது எங்கே இளக வேண்டும் என்பதை. டோரே கண்டது, அந்த இடத்தைப் பொருளே தேடிக்கொள்ளும்படி செய்வதை. தொழிலாளி கூடுதலாக ஒரு படலத்தைக் கையில் எடுக்க வேண்டியதில்லை. பழைய எந்திரம், பழைய உலை, பழைய சூடு.

அந்தப் பிசினுக்கு 3900-2 என்று பெயர். அதில் சேர்த்த டி-800எச் இழை 5 மைக்ரான் விட்டமே உள்ளது. அதைத் தேர்ந்தெடுக்கப் போயிங் வைத்த தேர்வு, லாங்லியின் குண்டுக்கு வாரிசு. நான்கு அங்குல அகலம், ஆறு அங்குல நீளமுள்ள தகட்டின்மேல், பருமனில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 6.7 ஜூல் என்ற கணக்கில் எடையைக் கீழே விட்டு அடிப்பது. பிறகு நெளியாதபடி ஓரங்களைப் பிடித்துக்கொண்டு அமுக்கி முறிப்பது. 5208 தலைமுறைத் தகடுகள் இதில் 150 மெகா பாஸ்கல் அளவில் நின்றன. 3900-2 தகடுகள் 300ஐத் தாண்டின. 777 விமானத்தின் செங்குத்து வால், கிடைவால், பயணிகள் தளத்தின் குறுக்குச் சட்டங்கள் ஆகியவற்றுக்கு அந்தப் பொருள் தேர்வானது. 1992இல் டோரே வாஷிங்டன் மாநிலத்தின் டகோமாவில் துணை நிறுவனம் ஒன்றைத் தொடங்கியது. அருகிலேயே ஃபிரெடரிக்சனில் போயிங் வால்களைச் செய்தது. 777 முதன்முதலாக 1994 ஜூன் 12 அன்று பறந்தது. அடுத்த ஆண்டு ஜூன் 7 அன்று யுனைடெட் நிறுவனத்தின் சேவையில் சேர்ந்தது.

அந்த வால்கள் ஆண்டுக்கணக்காகச் சிக்கலின்றி உழைத்த நம்பிக்கையில்தான், எடையில் பாதி கூட்டுப்பொருளாக உள்ள 787க்குப் போயிங் துணிந்தது. அதன் இறக்கையும் உடலும் அதே 3900 குடும்பப் பிசினில் ஆனவை. 2009 டிசம்பர் 15இல் முதல் பறத்தல், 2011 அக்டோபரில் ஆல் நிப்பான் நிறுவனத்தில் சேவை. ஏர்பஸ் ஏ350க்கு ஹெக்செல் நிறுவனம் தந்த எம்-21 வரிசைப் பிசினிலும் தெர்மோபிளாஸ்டிக் துகள்கள்தான் அடுக்குகளுக்கு நடுவே நிற்கின்றன.

இதனால் பிரச்சினை முழுவதும் தீர்ந்துவிட்டதாக எண்ணக் கூடாது. வழுக்கும் விரிசலை இடையடுக்கு நன்றாகத் தடுக்கிறது. திறக்கும் விரிசல் அவ்வளவு எளிதில் அடங்குவதில்லை. கியோத்தோ பல்கலைக்கழகத்தின் மசாகி ஹோஜோ உள்ளிட்டோர் பார்த்தபோது, இடையடுக்கில் தொடங்கிய அத்தகைய விரிசல் சிறிது தூரம் போனதும் அங்கிருந்து விலகி, பக்கத்து அடுக்கின் இழைகளுக்குள் நுழைந்துவிட்டது. அங்கே பழைய நொறுங்கும் பிசின்தான் இருக்கிறது. தாங்குதிறனும் அதற்கேற்ப இறங்கியது.

உலர்ந்த இழைத் துணியை அச்சில் வைத்துப் பிறகு பிசினைப் பாய்ச்சும் முறை பரவியபோது இன்னொரு தடை வந்தது. டோரேவுக்கு உதவிய அதே சல்லடை இங்கே எதிராக நின்றது: பிசினோடு வரும் துகள்களைத் துணி வாசலிலேயே வடிகட்டிவிடும். ஆகவே துகளை விட்டு, தெர்மோபிளாஸ்டிக் இழைகளாலான மெல்லிய வலைத்துணியை முன்கூட்டியே அடுக்குகளுக்கு நடுவே வைக்கத் தொடங்கினார்கள். யூரிஸ் ஜெனிஸ், டாரல் ரெனெக்கர் இருவரும் 2001இல் பெற்ற காப்புரிமை இந்த இழைகளை மேலும் மெலியவைத்து, ஒரு மைக்ரானுக்கும் குறைந்த நாரை எல்லைகளில் படரவிடுவதைப் பற்றியது. எடை அநேகமாகக் கூடவே கூடாது என்பதால் இன்றும் பல ஆய்வுக்கூடங்கள் அந்த வழியில் உழைக்கின்றன.

இடையடுக்கு கொண்டுவந்த புதுத் தொல்லை மின்னலில் தெரிந்தது. கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்தும். பழைய தகடுகளில் அடுக்குக்கு அடுக்கு இழைகள் ஆங்காங்கே தொட்டுக்கொண்டிருந்ததால், மின்சாரம் பருமன் வழியாகவும் ஓரளவு இறங்கியது. 30 மைக்ரான் பிசினை நடுவே நிறுத்தியதும் அந்தத் தொடுதல் அறுந்தது. மின்னல் விழும்போது ஒவ்வோர் அடுக்கும் தனித்தனியே மின்னேற்றம் கொண்டு, வெட்டிய ஓரங்களில் பொறி கக்கலாம். இறக்கைக்குள் இருப்பது எரிபொருள். மேற்பரப்பில் உலோக வலை பதிப்பது ஒரு காப்பு. ஆனால் அதற்கும் எடை உண்டு. அதனால் ஹெக்செல் போன்ற நிறுவனங்கள் தெர்மோபிளாஸ்டிக் துகளோடு மின்சாரம் கடத்தும் துகள்களையும் கலந்து, அடுக்கை இளகவும் வைத்து, மேலும் கீழும் உள்ள இழைகளை மீண்டும் இணைக்கவும் முயன்றன. அந்தத் துகள்களின் கதையையும், மின்னலைச் செயற்கையாக உண்டாக்கி இறக்கைகளைச் சோதிக்கும் கூடங்களையும் அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)